சுண்ணாம்பும் ஒன்றரைக் குடம் தண்ணீரும்

பொங்கலுக்கு முன்பு வீட்டுக்கு வெள்ளையடிக்கிற ஊர்களில், கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பழைய தகர டிரம்மில் கொட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். அடுப்பு கிடையாது, ஆனாலும் டிரம் கொதிக்கும். சடசடவென்று வெடித்து ஆவி பறக்கும். அந்த நேரத்தில் பிள்ளைகளைக் கிட்டே விடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். நீற்றி ஆறிய அதே சுண்ணாம்பு வெற்றிலைப் பெட்டிக்குள் போனதும் அந்த ஜாக்கிரதை காணாமல் போய்விடுகிறது. தணிந்தது சூடுதான், காரம் தணியவில்லை. நீற்றிய சுண்ணாம்பின் பிஹெச் அளவு 12-க்கு மேல் இருக்கும். கண்ணீரின் அளவு 7-ஐ ஒட்டியது. இந்த அளவுகோலில் ஒரு படி ஏறினால் காரம் பத்து மடங்கு என்று கணக்கு. வெற்றிலைக்கும் புகையிலைக்கும் சேர்த்துக்கொள்ளச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பொட்டலங்களில் விற்கும் சுண்ணாம்பைப் பற்றி டெல்லிக் கண் மருத்துவர்கள் 2003-இல் லான்செட் இதழில் எச்சரித்து எழுதினார்கள். குழந்தை பொட்டலத்தைப் பிதுக்கும், அது வெடித்துக் கண்ணில் பீச்சியடிக்கும். முகத்துக்கு நேராகப் பிடித்துத்தானே குழந்தை எதையும் பிரிக்கிறது. அமெரிக்காவில் 2010 முதல் 2013 வரை அவசரப் பிரிவுகளுக்கு வந்த ரசாயனக் கண் காயங்களை ஆராய்ந்தவர்கள், ஆலைத் தொழிலாளர்களே முதலிடத்தில் இருப்பார்கள் என்ற பொது எண்ணத்துக்கு மாறாக, ஒன்றிரண்டு வயதுக் குழந்தைகளிடம்தான் காய விகிதம் மிக அதிகம் என்று கண்டார்கள். அங்கே காரணம் வீட்டுத் துப்புரவுத் திரவங்கள், இங்கே சுண்ணாம்பு. இரண்டையும் நடக்கக் கற்ற குழந்தையின் கை எட்டும் உயரத்தில்தான் வைக்கிறோம்.

இப்படி ஒன்று நடந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, 'என்ன மருந்து விடலாம்?' என்பது. பக்கத்து வீட்டிலிருந்து விளக்கெண்ணெய் வரும், தாய்ப்பால் வரும். விவரம் தெரிந்தவர் என்று பேர் வாங்கிய ஒருவர் எலுமிச்சைச் சாற்றைச் சொல்வார். இன்னொருவர் ஒன்றும் செய்யாமல் ஆட்டோ பிடிக்கச் சொல்வார். நான்கிலும் மனிதர்களின் அக்கறை உண்மையானதுதான். ஆனால் மருந்தைத் தேடிப் போகிற அந்தச் சில நிமிடங்களில்தான் கண் கெடுகிறது. இந்தக் காயத்தில் சிகிச்சையின் பெரும்பகுதி குழாயடியிலேயே நடந்து முடிந்துவிட வேண்டும். மிச்ச வேலைதான் மருத்துவமனைக்கு. மருத்துவர்கள் அநேகமாக ஒருமித்துச் சொல்லும் கருத்து இது. ஆனாலும் நம் பொதுப்புத்தியில் இன்னும் இறங்காத கருத்து.

ஏன் இவ்வளவு அவசரம் என்பதற்கு விடை கருவிழியின் கனத்தில் இருக்கிறது. நடுவில் சுமார் அரை மில்லிமீட்டர்தான். அமிலம் பட்டால் அதன் மேற்பரப்பில் உள்ள புரதம், பாலில் எலுமிச்சை பிழிந்ததுபோல், திரிந்து உறைகிறது. உறைந்த அந்த ஆடை ஓரளவுக்குத் தடுப்பாகி, அமிலம் மேலும் உள்ளே போவதைத் தாமதப்படுத்துகிறது. காரத்தின் வழி வேறு. எண்ணெயில் காஸ்டிக் சோடாவைக் கலந்து சோப்பு காய்ச்சுகிறவர்களுக்கு அது தெரியும்: காரம் கொழுப்பைச் சோப்பாக்கும். உயிரணுவின் சவ்விலேயே கொழுப்பு இருப்பதால், காரம் தனக்கு வழியைத் தானே கரைத்துக்கொண்டு போகிறது. அமோனியா சில நொடிகளிலும் காஸ்டிக் சோடா சில நிமிடங்களிலும் கருவிழியைக் கடந்து அதன் பின்னால் உள்ள நீர் அறைக்குள் புகுந்துவிடும். அங்கிருந்து லென்சும் கண் அழுத்தத்தைச் சீராக வைக்கும் வடிகாலும் எட்டிப்பிடிக்கிற தூரம்தான். சுண்ணாம்பு அவ்வளவு வேகமாக உள்ளே போகாது. கொழுப்போடு சேர்ந்து கரையாத சோப்பாகி மேலேயே படியும். ஆனால் அதற்கு வேறொரு கெட்ட குணம் உண்டு. துகள்கள் மேலிமையின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் காரத்தைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். கண்ணைக் கழுவியாயிற்று என்று நாம் நிம்மதியாக இருக்கும்போதும் உள்ளே எரிந்துகொண்டிருக்கும்.

இந்தக் காயத்தில் நம் புலன்களும் நம்மை ஏமாற்றும். மிளகாய்த்தூள் பட்ட கண் படுத்துகிற பாட்டைப் பார்த்தால் பார்வையே போய்விடும் என்று தோன்றும். பெரும்பாலும் கழுவினால் சரியாகிவிடும். எருக்கம்பால் நேர்மாறு. பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ பறிக்கும் கையில் அந்தப் பால் வழியும், அதே கை வியர்வையைத் துடைக்கக் கண்ணுக்குப் போகும். பெரிய வலி இருக்காது. சில மணி நேரம் கழித்துப் பார்வை புகைமூட்டமாகும். கருவிழியின் உட்புறத்தில், அதைத் தெளிவாக வைத்திருக்கும் ஒற்றை அடுக்கு உயிரணுக்களை அந்தப் பால் தாக்குவதாக இந்தியக் கண் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். கடுமையான காரமும் இப்படித்தான். கருவிழி நரம்புகளையே அழித்துவிட்டால் வலி குறையும். நிறமும் நம்ப முடியாத சாட்சி. சிவந்த கண்ணைப் பார்த்துப் பயப்படுகிறோம், வெளுத்த கண்ணைப் பார்த்து ஆறுதல் அடைகிறோம். ரசாயனக் காயத்தில் வெளுப்புதான் மோசமான அறிகுறி: ரத்தக் குழாய்கள் கருகி அடைபட்டதால் வந்த வெண்மை அது. பிரிட்டனின் கண் மருத்துவர் ரோப்பர்-ஹால் 1965-இல் வகுத்த தரவரிசை, கருவிழி எவ்வளவு மங்கியிருக்கிறது என்பதோடு, அதன் விளிம்பில் எவ்வளவு பகுதி இப்படி ரத்தமிழந்து வெளுத்திருக்கிறது என்பதையும் அளவுகோலாக வைத்தது. இன்றும் மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே வலிக்கிறதா, சிவந்திருக்கிறதா என்று பார்த்து முடிவெடுப்பது வீட்டில் இருப்பவர் வேலை இல்லை. பட்டது ரசாயனம் என்று தெரிந்தால் போதும், தண்ணீரைத் திறக்க வேண்டியதுதான்.

தண்ணீர் உண்மையிலேயே பலன் தருகிறதா, அல்லது வேறு வழி இல்லாததால் சொல்கிறார்களா என்று ஒருவர் கேட்கலாம்; நியாயமான சந்தேகம். பாதிப் பேருக்குக் கழுவிவிட்டு, பாதிப் பேரைச் சும்மா விட்டு ஒப்பிடும் சோதனையை மனிதர்களிடம் யாரும் செய்ய மாட்டார்கள், செய்யவும் கூடாது. அதனால் கையில் உள்ள சான்று விலங்குச் சோதனைகளும், நோயாளிகளின் பழைய குறிப்புகளைத் திரும்பிப் பார்த்த ஆய்வுகளும்தான். ஜப்பானில் காரம் பட்ட கண்களைப் பற்றி 2006-இல் வெளியான ஒரு ஆய்வு, சம்பவ இடத்திலேயே குழாய்த் தண்ணீரில் தாராளமாகக் கழுவியவர்களையும் கழுவாமல் வந்தவர்களையும் ஒப்பிட்டது. உடனே கழுவியவர்களுக்குக் காயத்தின் கடுமை குறைவு, மருத்துவமனையில் இருந்த நாட்களும் குறைவு. இதையும் கேள்வி கேட்கலாம்: லேசாகப் பட்டவரால்தான் எழுந்து குழாயடிக்குப் போக முடிந்தது, அதனால் அவர் காயம் சின்னதாக இருந்தது என்று சொல்லலாமே. சொல்லலாம். ஆனால் வேதியியல் சொல்வதும், விலங்குகளில் கண்டதும், மனிதர்களில் கண்டதும் ஒரே பக்கம் சாயும்போது, தாமதித்தவருக்கு நன்மை நடந்ததாக ஒரு சான்றும் எதிர்ப்பக்கம் இல்லாதபோது, முடிவுக்கு வர இன்னும் என்ன வேண்டும்?

கழுவுவது என்றால் முகம் கழுவுவதுபோல் இரண்டு கை அள்ளித் தெளிப்பது இல்லை. எரிச்சல் பட்ட கண் தன்னைப் பூட்டிக்கொள்ளும். இமைத்தசை இறுகிப்போய், உடையவரே முயன்றாலும் திறக்காது. மூடிய இமையின் மேல் எத்தனை வாளி ஊற்றினாலும் உள்ளே இருக்கும் சுண்ணாம்புக்கு ஒன்றும் ஆகாது. எனவே இரண்டு விரலால் மேலிமையையும் கீழிமையையும் எலும்போடு அழுத்திப் பிரித்துப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்து, மூக்கோரத்திலிருந்து காதோரம் நோக்கித் தண்ணீர் ஓட வேண்டும். இல்லாவிட்டால் நல்ல கண்ணுக்குள்ளும் ரசாயனம் போய்ச் சேரும். குழாயை முழு வேகத்தில் திறக்க வேண்டாம், செம்பிலிருந்து வார்க்கிற மாதிரி மென்மையான தாரை போதும். நடுநடுவே மேலே, கீழே, இடம், வலம் என்று பார்க்கச் சொன்னால் இமையின் மடிப்புகளுக்குள்ளும் தண்ணீர் நுழையும். காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் அதைத் தேடிக் கழற்றிய பிறகு கழுவலாம் என்று காத்திருக்க வேண்டாம். கழுவும்போதே எடுத்துவிடலாம், பாதி நேரம் தண்ணீரே அதை நகர்த்திவிடும். குழந்தையாக இருந்தால் கைகளை உள்ளே வைத்துத் துண்டால் இறுக்கிச் சுற்றி, ஒருவர் மடியில் போட்டுத் தலையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் ஊற்ற வேண்டும். குழந்தை வீறிட்டு அழும். பாட்டி 'போதும் விடு' என்பார். அந்தக் குரலுக்கு இணங்குகிறவர்கள்தான் அதிகம். கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக் கண்ணை அமிழ்த்திச் சிமிட்டுவதும் போதாது. கழுவிய ரசாயனம் அந்தக் கிண்ணத்திலேயே கிடக்கும்.

சுத்தமில்லாத தண்ணீரைப் பச்சைக் காயத்தில் ஊற்றலாமா என்பது படித்தவர்களிடம் அடிக்கடி வரும் ஆட்சேபம். கொதிக்கவைத்து ஆறவைக்கலாமே என்பார்கள். ஆறுவதற்குள் காரம் கருவிழியைக் கடந்திருக்கும். கிருமித் தொற்று வந்தால் அதற்குச் சொட்டு மருந்து உண்டு, நாளைக்கும் போடலாம். கரைந்துபோன திசுவுக்கு நாளை மருந்து கிடையாது. நல்ல தண்ணீரும் மோசமான தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நல்லதை எடுக்கலாம்; நல்லது எங்கோ இருக்கிறது என்றால் கையில் இருக்கும் தண்ணீரே நல்ல தண்ணீர். சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்குமே என்ற இன்னொரு ஆட்சேபம் டிரம்மைப் பார்த்தவர்களுடையது. வெற்றிலைச் சுண்ணாம்பு ஏற்கெனவே நீற்றப்பட்டது. அது மறுபடி கொதிக்காது. நீற்றாத கல்சுண்ணாம்புத் தூளோ, உலர்ந்த சிமெண்டோ பட்டால் மட்டும், முகத்திலும் இமையிலும் அப்பியிருப்பதை உலர்ந்த துணியால் சட்டென்று தட்டிவிட்டுப் பிறகு கழுவ வேண்டும். அங்கும் ஆபத்து கொஞ்சத் தண்ணீரில்தான். ஓடும் தண்ணீர் சூட்டையும் சேர்த்தே அடித்துக்கொண்டு போய்விடும்.

காரத்துக்கு அமிலம் மாற்று என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் எலுமிச்சையையோ வினிகரையோ நினைப்பது இயல்பு. இதற்கு வழக்கமாகச் சொல்லும் மறுப்பு, இரண்டும் சேரும்போது சூடு கிளம்பும் என்பது. என் பார்வையில் இது சற்று மிகைப்படுத்திச் சொல்லப்படுகிறது. நீர்த்த அமிலத்தில் கிளம்பும் சூடு அவ்வளவு பெரிதல்ல. வலுவான மறுப்பு வேறு. பட்டது காரமா அமிலமா என்று பதறிப்போன வீட்டில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. கழிப்பறைக்கு ஊற்றும் திரவம் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அடைத்த சாக்கடைக்குழாயில் கொட்டும் தூள் காஸ்டிக் சோடா. இன்வெர்ட்டர் பேட்டரியில் இருப்பது கந்தக அமிலம். இவை லேபிள் உரிந்த பழைய பாட்டிலில், ஒரே அலமாரியில் இருக்கும். தப்பாகக் கணித்தால் அமிலத்தின் மேல் அமிலம். எவ்வளவு ஊற்றினால் சமமாகும் என்பதும் தெரியாது. தண்ணீருக்கு இந்தக் கணிப்பு எதுவுமே தேவையில்லை. தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் இந்த அளவுக்குத் தீமை செய்யாவிட்டாலும், சொட்டுச் சொட்டாக விடுவதால் எதையும் வெளியேற்றாது. எண்ணெய் துகளை இன்னும் ஒட்டவைக்கும். இமைகளை ஒட்டவைக்கும் சூப்பர் பசைக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: பிரித்து இழுக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்தபடி மருத்துவரிடம் போக வேண்டும், பெரும்பாலும் தானே விடும்.

தண்ணீரைவிடச் சிறந்த திரவம் இல்லையா என்றால், இருக்கலாம். குழாய்த் தண்ணீரின் உப்புச் செறிவு கருவிழியின் திசு நீரைவிடக் குறைவு. அதனால் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்பட்டுக் கருவிழி வீங்கலாம் என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மருத்துவமனையில் சலைனோ ரிங்கர் லாக்டேட்டோ வைத்துக் கழுவ இதுவும் ஒரு காரணம், எரிச்சலும் குறையும். அமிலம், காரம் இரண்டையும் பிடித்துக்கொள்ளும் டைஃபோடெரின் என்ற திரவத்தை பிரான்ஸ், ஜெர்மனி ஆலைகளில் வைத்திருக்கிறார்கள். ஆய்வகத்தில் அது பிஹெச்சைத் தண்ணீரைவிட வேகமாக இறக்குகிறது. கைக்கெட்டும் சுவரில் அது மாட்டியிருந்தால் எடுக்கலாம். அடுத்த கட்டடத்தில் இருக்கிறது என்றால் குழாயைவிட்டு நகரக் கூடாது. பாஸ்பேட் கலந்த கழுவு திரவங்களில், குணமாகும் கருவிழியில் சுண்ணச்சத்து படிந்து வெண்தழும்பாகும் ஆபத்து கண்டறியப்பட்டது. விலை கூடிய திரவம் எப்போதும் பாதுகாப்பானது என்ற எண்ணத்துக்கு இது ஒரு சின்ன பதில்.

எவ்வளவு நேரம்? தொழிற்கூடங்களுக்கான அமெரிக்கத் தர அளவு 15 நிமிடம் என்கிறது. மருத்துவமனைகளில் அரை மணி நேரம் வழக்கம், கடுமையான காரமாக இருந்தால் மணிக்கணக்கிலும் போகும். கடிகாரத்தைவிட நம்பகமான கணக்கு, கீழிமையின் மடிப்பில் வைக்கும் சின்ன பிஹெச் தாளின் நிறம். கழுவுவதை நிறுத்தி ஐந்து பத்து நிமிடம் பொறுத்து மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். திசுவுக்குள் ஊறிய காரம் மெல்ல வெளியே வருவதால், முதலில் சரியாகக் காட்டிய தாள் கொஞ்ச நேரத்தில் மறுபடி நீலமாகும். வீட்டில் கழுவிவிட்டு 'இப்போ பரவாயில்லை' என்று படுத்துவிடக் கூடாது என்பதற்கு இந்த ஒரு தாளே காரணம். இமையை இரண்டு மடிப்பாகப் புரட்டி ஒளிந்திருக்கும் சுண்ணாம்புத் துகளைத் துடைத்தெடுப்பதும் வீட்டில் முடியாத காரியம். போகிற வழியிலும் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போகலாம். பட்ட பொருளின் டப்பாவையும் கையோடு எடுத்துப்போனால் மருத்துவருக்குக் கால்வாசி வேலை மிச்சம். போய்ச் சேர்ந்த இடத்தில் டோக்கன் வாங்கி வரிசையில் உட்கார்ந்துவிடாமல், 'கண்ணில் சுண்ணாம்பு' என்று வாசலிலேயே உரக்கச் சொல்ல வேண்டும். பார்வைப் பரிசோதனை, விலாசம், வயது எல்லாம் சலைன் பாட்டில் தொங்கிய பிறகு நடக்கலாம்.

அந்த முதல் நிமிடங்களைத் தவறவிட்டால் பிற்பாடு எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் விளிம்பில் உள்ள ஸ்டெம் செல்கள்தான் கருவிழியின் மேல்தோலை ஆயுள் முழுவதும் புதுப்பிக்கின்றன. அவை கருகிவிட்டால், வெள்ளைவிழியின் தோல் ரத்தக் குழாய்களோடு கருவிழிமேல் படர்ந்துவிடும். வெறும் கருவிழி மாற்று அறுவை அங்கே பலிக்காது, விதை இல்லாத நிலத்தில் நாற்று நட்ட கதைதான். 1997-இல் இத்தாலியர்கள் நல்ல கண்ணிலிருந்து துளி திசு எடுத்து ஆய்வகத்தில் வளர்த்து ஒட்டும் முறையைக் காட்டினார்கள். ஆய்வகம் வேண்டும், பணமும் வேண்டும். 2012-இல் ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனையில் விரேந்தர் சாங்வானும் உடனிருந்தவர்களும் அந்தத் துளியைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, பனிக்குடச் சவ்வின் மேல் நேராகக் கண்ணிலேயே தூவி வளரவிட்டார்கள். ஆய்வகச் செலவு ஒழிந்தது. இந்தியா உலகுக்குத் தந்த எளிய, அழகான யோசனைகளில் ஒன்று அது. ஆனால் மற்றொரு கண் நன்றாக இருந்தால்தான் அதிலிருந்து எடுக்க முடியும். இரண்டும் போனவர்களுக்குக் கடைசிப் படியாக, சொந்தப் பல்லை வேரோடு எடுத்து, அதில் துளையிட்டு லென்ஸ் பொருத்தி, கண்ணுக்குள் பதிக்கும் அறுவை இருக்கிறது. சென்னை சங்கர நேத்ராலயாவில் அதைச் செய்கிறார்கள். பல கட்டங்கள், பல மாதங்கள். ஒரு பல்லையே கண்ணாக்கும் திறமை நம் ஊரில் இருக்கும்போது, இமையைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றத் தெரியாமல் போவது விசித்திரம்தான்.

கடைசியாக ஒரு ஆட்சேபம், அதுவும் நம் ஊருக்கே உரியது: ஓடும் தண்ணீருக்கு எங்கே போவது? குழாயில் காற்று வரும் தெருக்களும், லாரி வரும் நாளில் மட்டும் குடம் நிறையும் வீடுகளும் இங்கே நிறைய. அமெரிக்கத் தர அளவு கண்கழுவிக் குழாய்க்குக் கேட்பது நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர். 15 நிமிடத்துக்கு இருபத்திரண்டரை லிட்டர், அதாவது 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் ஒன்றரைக் குடம். கண்ணுக்கு மேல் ஒரு சாண் உயரத்திலிருந்து செம்பில் மொண்டு நிதானமாக ஊற்றினால் அது போதும். சிமெண்ட் கலக்கும் இடத்திலும், பேட்டரிக் கடையிலும், பள்ளி வேதியியல் ஆய்வகத்திலும் கண்கழுவிக் குழாய் வைக்கப் பணம் இல்லை என்று சொல்லலாம்; வைத்த இடங்களிலும் வாரம் ஒருமுறை திறந்துவிட்டுப் பார்க்காவிட்டால், வேண்டும்போது துருநீர்தான் வரும். ஆனால் குடிப்பதற்கு 20 லிட்டர் கேன் வாங்காத பட்டறை இன்றைக்கு எது? அதைக் கவிழ்க்கத் தயங்காத ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவே. காலியான கேனுக்குப் பதில் மறுநாள் காலையில் வேறு கேன் வந்துவிடும்.